தரையில் வரைந்த தோட்டம்

நெல் விலை விழுந்த வருஷத்தில் குற்றாலத்துப் பங்களாக்காரர்கள் முதலில் நிறுத்தியது பூந்தோட்ட வேலையைத்தான். வயிற்றுக்கே இழுபறி என்றால் ரோஜாவுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்? தோட்டம் போட்டுக் கொடுத்துப் பிழைத்த தாணுமாலயனுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. மண் வெட்டுவதும் செடி வைப்பதும் அவன். எது எங்கே என்று சுண்ணாம்புப் பொடியால் தரையில் வரைந்து காட்டுவது அவன் பெண்டாட்டி சொக்கம்மாள். வீட்டுக்காரர் மாடியில் நின்று பார்த்துத் தலையாட்டினால்தான் மண்வெட்டி இறங்கும்.

வேலை நின்றதும் அவள் இலத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கூலிக்கு வயலில் இறங்கிவிட்டாள். "ஒரு தோட்டம் கெடைக்கட்டும், கூட்டிட்டு வந்திருதேன்" என்று இவன் சொல்லி, ஆடியும் பிறந்துவிட்டது.

கடைசியில் மேலகரத்தில் அப்துல் மஜீது முதலாளி கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில வரைஞ்சு காட்டு. பிடிச்சா வேலை உனக்கு. இல்லன்னா வாழை வச்சிட்டுப் போறேன்."

இலத்தூருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். சொக்கம்மாள் முழங்கால் சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு வரப்பேறினாள்.

"நட்ட கைக்குத்தான் களை வேலையும் அறுப்பு வேலையும் குடுப்பாவ. இப்ப விட்டுட்டு வந்தா வருஷத்து நெல்லு போயிரும். இங்கன பாருங்க." நின்ற இடத்திலேயே குனிந்து, தன்னைச் சுற்றி ஈர மண்ணில் விரலால் கீறினாள். "இது பாதை. இது மல்லிகை. மதில் ஓரமா அரளி. மனசுல ஆச்சா?"

"ம்."

"என்ன ம்? கோட்டைப் பாக்கச் சொன்னா மூஞ்சியப் பாக்குதீங்க."

"ஏட்டி சொக்கு, மாப்பிள்ளையப் பாத்தது போதும், நாத்து வாடுது!" என்று வயலிலிருந்து ஒருத்தி கத்தினாள். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. சொக்கம்மாள் சேற்றில் இறங்கிவிட்டாள்.

மறுநாள் அவனே வரைந்தான். மஜீது மாடியிலிருந்து பார்த்தார்.

"பரவாயில்லலே. நடுவுல எதுக்கு இம்புட்டு எடம் மொட்டையா கெடக்கு?"

தாணுமாலயன் அப்போதுதான் கவனித்தான். அது வரப்பில் அவள் கால் இருந்த இடம். அவள் அங்கே கோடு போடவில்லை; இவன் கையும் போடவில்லை.

"அது அவ வந்துதான் சொல்லணும், மொதலாளி."

"எப்ப வருவா?"

"அறுப்பு முடிஞ்சுதான்."

"என் வீட்டு முற்றம் உன் பொண்டாட்டி அறுப்புக்குக் காத்துக் கெடக்கணுமாக்கும்!" மஜீது சிரித்துவிட்டார். "செரி, ஓரத்துல இருந்து தொடங்கு."

வேலை கிடைத்துவிட்டது. ஓடிப்போய்ச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மதில் ஓரம் அரளிக்குக் குழி வெட்டினான். ஒவ்வொரு தடவை மண் சுமந்து போகும்போதும் நடுவில் மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போனான்.