சோலைமலையின் கைகள்

பேச்சியம்மா பெற்றோல் வரிசையின் வாலிலிருந்து தலையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் ரொட்டியும் சம்பலும் கட்டிய பொட்டலம், மறு கையில் தேத்தண்ணி பிளாஸ்க். ராகலைத் தெருவில் மூட்டம் இறங்கிக் கிடந்தது. நாலு வண்டிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நேற்றுச் சாயந்தரம் அவள் வந்துபோனபோது புருசனின் கார் கோயிலுக்கு இந்தப் பக்கம் நின்றது. இப்போது அந்த இடத்தில் யாருடைய வேனோ நின்றது. வரிசை நகர்ந்திருக்கிறது என்று மனசுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது.

கோயில் வளைவைத் தாண்டியதும் பச்சை மொரிஸ் மைனரின் குண்டுப் பின்புறம் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஜமால்தீனின் சாம்பல்நிற ஒஸ்டின். ஹார்ட்வெயார் கடை ஜமால்தீன் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார்.

"வாங்க தங்கச்சி. விடிஞ்சதுக்கு அப்புறம் நல்லா நகந்துட்டோம். மத்தியானத்துக்குள்ள பெற்றோல் செட்டுக்குள்ள போயிரலாம்."

"அவரு எங்க நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"உள்ளுக்குத்தான். மனுசனுக்கு நல்ல குளிராக்கும், கண்ணாடிய எறக்கவே இல்ல. தேத்தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேணாம்னு தலைய ஆட்டுனாரு."

பேச்சியம்மா இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். சோலைமலை கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் கதவுக் கண்ணாடியில் சாய்த்திருந்தார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. அவர் திரும்பவில்லை. முந்தாநாள் சண்டையை இன்னும் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்தாள். மாவு விற்கிற விலையில் இந்தத் தகரத்துக்குப் பெற்றோல் ஊற்றப் போகிறீர்களா என்று கேட்டிருந்தாள். அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்.

மூடியில் தேத்தண்ணியை ஊற்றினாள்.

"இந்தாங்க, சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்க."

மூடியை அவர் விரல்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது அவள் கை அவர் கைமேல் பட்டது. கண்ணாடியைவிடக் குளிர்ந்திருந்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தாள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையைப் போல அது வளையவில்லை.

தோட்டத்து லய வீடுகளில் பொம்பளைகள் யார் செத்தாலும் குளிப்பாட்ட பேச்சியம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். செத்த உடம்பு எப்போது விறைக்கும், எங்கிருந்து விறைக்கும் என்பது அவள் கைகளுக்குத் தெரியும். இது இப்போது நடந்ததல்ல. விடியுமுன் நடந்தது.

மூடியிலிருந்த தேத்தண்ணியின் ஆவி முன்கண்ணாடியில் ஏறி மங்கியது. அவள் மூடியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கத்த வேண்டும் என்று வாய் திறந்தது. திறந்த வாய் மூடிக்கொண்டது.

மேல் லயத்து வேலாயியின் முகம்தான் அப்போது அவள் கண்முன் வந்தது. போன மாதம் வேலாயி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். உடம்பைக் கொண்டுவர எந்த வண்டியிலும் எண்ணெய் இல்லை. நாள்கணக்காகக் கிடந்து, கடைசியில் ஒரு மரக்கறி லொறியில், லீக்ஸ் மூட்டைகளுக்கு மேல் கிடத்திக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டத் துணியை விலக்கியபோது பேச்சியம்மா ஒரு தரம் வெளியே போய்விட்டுத்தான் திரும்பி வந்தாள். இங்கே அவள் ஒரு சத்தம் போட்டால் போதும். கூட்டம் கூடும், பொலிஸ் வரும், விசாரணை என்று நுவரெலியாவுக்குக் கொண்டுபோவார்கள். கொண்டுபோக எப்படியும் எண்ணெய் கிடைக்கும். திருப்பிக் கொண்டுவரத்தான் கிடைக்காது.

தேத்தண்ணியைப் பிளாஸ்க்கிலேயே திரும்ப ஊற்றி மூடினாள்.

முன்னாலிருந்த வண்டி அசைந்தது. பின்னாலிருந்து ஜமால்தீனின் குரல் வந்தது. "சோலைமலை, கல்ல எடுத்துட்டேன். தள்ளுறேன்." பெற்றோலை மிச்சம் பிடிக்க யாரும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துவதும், எடுத்துத் தள்ளுவதும்தான் வரிசை முழுக்க நடந்தது.

கார் உருண்டது. பாதை இடப்பக்கம் லேசாக ஒடிந்தது. பேச்சியம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் திரும்பியது. அதைப் பிடித்திருந்த கைகளும் கூடவே போயின. வலது முழங்கை உயர்ந்தது, இடது முழங்கை தாழ்ந்தது. தொப்பிக்குக் கீழே தலை மெதுவாக ஆடியது. பாதை நேரானதும் கைகள் பழைய இடத்துக்கு வந்து நின்றன. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு மனுசன் நிதானமாக வண்டி ஓட்டுகிறான்.

இப்படித்தான் காலையில் தலையை ஆட்டியிருக்கிறார். சக்கரம் போகிற போக்கில் கை போகிறது, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கோயில் வளைவு நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் தண்ணி போகிற ஆழமான கான், மறு பக்கம் மதில். தோட்டத்து லொறியே பின்னுக்கு எடுத்து ஒடிக்கிற வளைவு. அதை இந்தக் கார் இன்று காலை ஒரு கீறல் இல்லாமல் கடந்து வந்திருக்கிறது. அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியை இறக்கினாள்.

"நானா, இங்கிட்டு வாங்க. சத்தம் போடாதீங்க."

ஜமால்தீன் குனிந்தார். அவர் கையைப் பிடித்து சோலைமலையின் கைமேல் வைத்தாள். ஜமால்தீனின் உதடுகள் சத்தமில்லாமல் எதையோ ஓதின. கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்க ஏலாது தங்கச்சி. என்னோட பேசுனாரே. கோயில் மணி அடிச்சதுக்கு அப்புறம்."

"என்ன பேசுனாரு?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளிறியது. "பேசல. நான்தான் பேசிக்கிட்டிருந்தேன்."

"வீட்டுக்குக் கொண்டு போயிருவோம் நானா. இந்த வண்டியிலயே. பெற்றோல் அடிச்சதும்."

"பொலிசுக்குச் சொல்லாம எப்படி? நாளைக்கு ஏதும் பிரச்சின வந்தா?"

"வந்தா நான் சொல்லிக்கிறேன். வேலாயிய மாதிரி இவர நான் பாக்க மாட்டேன்."

ஜமால்தீன் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். பிறகு போய்க் கல்லை வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றுகொண்டார். ஆட்கள் கிட்டே வந்தால் தன் உடம்பால் கண்ணாடியை மறைத்தார்.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு கூட்டாளிகளின் பழைய கார்கள் வரிசையாக இறம்பொடைக்கு இறங்கும். ஃபெக்டரி லொறி ஓட்டிய சோலைமலை, துரை பங்களாவின் கராஜில் கோழி முட்டையிட்டுக் கிடந்த மொரிஸை வாங்கி, வருசக்கணக்காகப் பாடுபட்டு எழுப்பியிருந்தார். நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிளேன்டீ குடித்து, ஒருத்தர் வண்டியின் பொனட்டை மற்றவர் திறந்து பார்த்து, பொழுது சாயத் திரும்புவார்கள். பெற்றோல் விலை ஏற ஏற நாலு கார் இரண்டாயிற்று. பிறகு எல்லாரும் முறைவைத்து ஒரே காரில் போனார்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வருவார்கள். அதுவும் நின்ற பிறகு ஜமால்தீனின் கடைக்குப் பின்னால் கூடி, ஒவ்வொரு எஞ்சினாக ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டுவிட்டு நிறுத்தினார்கள். சோலைமலை மட்டும் சில நாள் லயத்துக் கொட்டகையில், ஓடாத காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் உடனே இறங்க மாட்டார்.

"கண் கிளினிக்குக்கு என்னையக் கூட்டிப் போகத்தான் எண்ணெய்ன்னு சொன்னாரு" என்றாள் பேச்சியம்மா.

ஜமால்தீன் தரையைப் பார்த்தார். "கிளினிக்குக்கும்தான். அதுக்கு முன்னுக்கு ஒருக்கா இறம்பொடைக்குப் போய்ட்டு வருவோம்னு..."

"தெரியும்" என்றாள்.

பெற்றோல் செட்டின் வாசலில் துப்பாக்கியோடு ஒரு ஆமிக்காரன் காவல் நின்றான். பேச்சியம்மா தன் சால்வையை எடுத்து சோலைமலையின் கழுத்தைச் சுற்றி, வாய்வரை போர்த்தினாள். உள்ளே நுழைய வலப்பக்கம் சட்டென்று ஒடிக்க வேண்டும். தானே திருப்பிவிடலாம் என்று அவள் ஸ்டியரிங்கை நோக்கிக் கையை நீட்டினாள். ஜமால்தீனும், அவர் கடையில் வேலை செய்யும் சுமனும் பின்னாலிருந்து தள்ளினார்கள். அவள் விரல் படுமுன் ஸ்டியரிங் திரும்பத் தொடங்கியது. கைகள் கூடவே போயின, இந்த முறை நன்றாகவே. கார் தூணுக்கு உரசாமல் நுழைந்து பம்புக்கு நேராக நின்றது. பேச்சியம்மாவின் நீட்டிய கை காற்றில் நின்றது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆமிக்காரன் கண்ணாடியைத் தட்டினான்.

"மாத்தயா" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிட்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனுடைய மூச்சு புகையாக வந்தது. இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. பேச்சியம்மா அதைப் பார்த்தாள். அவனும் பார்த்துவிடுவானோ என்று நினைத்தாள்.

"அசனீப்பாய்" என்றாள், உடம்புக்கு முடியவில்லை என்று.

இளம் பையன் அவன். சோலைமலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒரு அடி பின்னுக்குப் போனான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தெரிந்து செய்தானா, வெறுமனே தலையைச் சொறியக் கழற்றினானா என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பம்புக்காரனிடம் சிங்களத்தில், சீக்கிரம் அடித்து அனுப்பு என்று மட்டும் சொன்னான்.

செட்டைத் தாண்டிக் காரைத் தள்ளிக்கொண்டே போய், தேயிலை மலைக்குள் பாதை இறங்குகிற இடத்தில் நிறுத்தினார்கள். ஒஸ்டினைச் சுமன் ஓட்டி வந்து பின்னால் மறைப்பாக நிறுத்தினான். சோலைமலையின் விரல்களை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க பேச்சியம்மாவுக்கு வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு விரலையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, ஊதி, கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டாள். அவரை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிப் பின்சீட்டில் வைத்தார்கள். கைகள் நீட்டியபடியே, முன்சீட்டின் முதுகைப் பிடிக்கப் போகிறவை போல நின்றன. ஜமால்தீன் வண்டியை எடுத்தார். லயம் வரும்வரை அவர் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை.

தோட்டத்து டாக்டரையா வந்து பார்த்தார். நெஞ்சுவலியாக இருக்கும், விடியுமுன்னேயே போயிருக்க வேண்டும் என்றார். ஜமால்தீன் வாசலில் நின்று அதைக் கேட்டார்.

கால்களை வெந்நீர் ஒத்தடம் கொடுத்து ஒருவாறு நீட்டிவிட்டார்கள். கைகள்தான் படியவில்லை. மார்புக்கு மேலே, எதையோ வட்டமாகப் பிடித்தபடி நின்றன. போர்த்திய வேட்டி அங்கே கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. அஞ்சலிக்கு வந்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வர மறுத்தன. பெட்டி வந்தது. மூடி சேரவில்லை.

மறுநாள் காலை பட்டிப்பொலையில் கட்டிக்கொடுத்த மகள் நிலக்ஷி, ரயிலிலும் மரக்கறி லொறியிலுமாக வந்து சேர்ந்தாள். அப்பாவின் காலடியில் அழுது ஓய்ந்த பிறகு கைகளைப் பார்த்தாள்.

"ஏம்மா அப்பா கைய இப்படியே வுட்டு வச்சிருக்கீங்க? பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"அமுக்கி ஒடிச்சிரலாம் ஆச்சி, நொடியில முடிஞ்சிரும்" என்றார் பெட்டி கொண்டுவந்த சின்னத்தம்பி. "மழைக்கு முன்ன தூக்கணுமில்ல."

"யாரும் தொடக் கூடாது" என்றாள் பேச்சியம்மா. "அவரா எறக்குவாரு."

சின்னத்தம்பி மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார். மயானம் லயத்துக்கு மேலேதான், தூக்கிக்கொண்டே போய்விடலாம். ஜமால்தீன் கொட்டகையில் நின்ற காரைச் சுற்றி வந்துவிட்டு வாசலில் தயங்கினார்.

"தங்கச்சி, டேங்குல இருக்கிற எண்ணெய..."

"இறம்பொடைக்குப் போய்ட்டு வாங்க நானா. எல்லாரும் போங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

மத்தியானம் அழுது களைத்த பொம்பளைகள் தேத்தண்ணி குடிக்கக் காம்பரா அறைக்கு வெளியே போயிருந்தார்கள். நிலக்ஷி சுவரோரம் சாய்ந்து தூங்கிவிட்டாள். பேச்சியம்மா மட்டும் தலைமாட்டில் இருந்தாள். கதவு வழியாக மூட்டம் உள்ளே வந்து விளக்கைச் சுற்றிக் கொண்டிருந்தது.

வேட்டி அசைந்தது. காற்று என்று முதலில் நினைத்தாள். விளக்குச் சுடர் அசையவில்லை.

இடது கை இறங்கிக்கொண்டிருந்தது. மிக மெதுவாக, சறுக்காமல், அவரே பிடித்து இறக்குகிற மாதிரி. அது இறங்க இறங்க வலது கை இன்னும் மேலேயே நின்றது. இடப்பக்கம் ஒரு பெரிய வளைவு ஒடிவது போல உடம்பு பெட்டிக்குள் அரைக்கணம் சாய்ந்தது. பேச்சியம்மா தன்னையறியாமல் பெட்டியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வலது கையும் வந்தது. இரண்டும் வயிற்றின்மேல், ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்தன. விரல்கள் தளர்ந்து விரிந்தன.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. மறு கையால் வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். வெளியே யாரோ மூடியை வைக்கலாமா என்று கேட்டார்கள். பலகையைப் பிடித்திருந்த கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.