எட்டு இல்லாத பேனல்

ஆய்வாளர் ஜீவானந்தம் மனுஷர்களுக்குக் கை கொடுக்க மாட்டார், ஒயர்களுக்குத்தான் கொடுப்பார். எந்த ஐ.டி.ஐ.க்குப் போனாலும் பேனல் கதவைத் திறந்து, ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலால் பிடித்து ஒரு இழு. கையோடு வந்துவிட்டால் அதை மேசைமேல் வைத்துவிட்டு, வந்த ஜீப்பிலேயே திரும்பி ஏறிவிடுவார். அவருக்கென்று அறுத்த கோழி அதற்குள் பாதிகூட வெந்திருக்காது.

அவர் திங்கட்கிழமை ஜவ்வாது மலைக்கு வருகிறார் என்றதும் வசந்திக்குப் பசி போய்விட்டது. ஜமுனாமரத்தூர் போகிற வழியில் உள்ள ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் மோட்டார் கன்ட்ரோல் லேபுக்கு அவள்தான் ஆசிரியை. லேப் கட்டி ஒரு வருஷம் ஆகிறது. மூன்று பேஸ் கரண்டு வாசல்வரை வந்து நிற்கிறது. ஜீவானந்தம் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே வரும். போடாவிட்டால் லேபைச் சாமான் அறையாக்கிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. சாமான் அறைக்கு எதற்கு ஆசிரியை? அதற்குத்தான் வடிவேலு இருக்கிறாரே.

வடிவேலு ஸ்டோர்கீப்பர். போளூர் கடைவீதியில் பேரம் பேச அவர் தலை தெரிந்தால் கடைக்காரர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். மோட்டாரை ஓட்டும் பவர் சர்க்யூட்டுக்குக் கேட்ட சிவப்பு, மஞ்சள், நீல ஒயர்களைச் சரியாக வாங்கி வந்தார். ஆனால் பட்டன்களை இணைக்கும் கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கு வாங்கியதெல்லாம் ரோஸ் கலர்.

“இன்னா வடிவேலண்ணா இது? பேனலுக்கா, பஞ்சு மிட்டாய்க்கா?”

“ரோஸ் எவனும் எடுக்க மாட்டான் மேடம். அதான் கடைக்காரன் விலைல இறங்கி வந்தான். கரண்டு இன்னா கலரா பார்த்துகினு ஓடுது?”

கன்ட்ரோல் ஒயரெல்லாம் ஒரே நிறமாக இருந்தால் பாதகமில்லை. ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்று எண் அச்சிட்ட குட்டி வளையங்கள் உண்டு, ஃபெர்ரூல் என்பார்கள். பன்னிரண்டு வேண்டுமானால் ஒன்றையும் இரண்டையும் ஒயரில் வளையல்போல மாட்ட வேண்டியதுதான். அந்தப் பாக்கெட்டுகளும் வந்திருந்தன. அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் பன்னிரண்டு பேர், பேனல் நாலு. பத்து நாள் வசந்தி தொண்டை தண்ணி வற்றக் கத்தினாள். பல்லால் கடித்து ஒயர் சீவிய அஜய்க்கு, “உன் வாய் டூல் லிஸ்ட்ல இல்லடா” என்று திட்டு விழுந்தது. ஒயர் முனையில் லக் என்கிற உலோகத் தொப்பியை மாட்டி அழுத்தாமல் ஸ்க்ரூவுக்குள் திணித்தவன் அதைப் பத்து தடவை செய்தான். ஒயர்கள் ஓடுகிற பிளாஸ்டிக் டக்ட்டுக்குள் ஒட்டுப் போட்ட ஒயரை ஒளித்தவனுக்கு அன்று முழுக்கப் பெருக்குகிற வேலை. ஆயுத பூஜையன்று வடிவேலு சந்தனக் கிண்ணத்தோடு, மோட்டாருக்குக் கரண்டை இணைக்கிற கான்டாக்டரை நோக்கிப் போனபோது குறுக்கே நின்றுவிட்டாள்.

“கதவுக்கு வெளியில எத்தினி பொட்டு வேணா வைங்க. உள்ள ஒரு துளி விழுந்துது, உங்களுக்கு நான் பொட்டு வைப்பேன்.”

திங்களன்று பத்து மணிக்கு ஜீவானந்தம் வந்தார். முதல் பேனல், அஜய் குழுவுடையது. இழுத்தார். எதுவும் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். பேனலே கொஞ்சம் ஆடியது, ஒயர் வரவில்லை. டக்ட் மூடியைக் கழற்றினார்; உள்ளே ரோஸ் ஒயர்கள் தலை வாரிப் பின்னியதுபோலக் கிடந்தன. வசந்தி பத்து நாளில் முதல்முறையாக மூச்சை முழுசாக விட்டாள்.

“கலர்தான் ஒரு மாதிரி கீது” என்று சொல்லிவிட்டு அவர் சுவரில் ஒட்டியிருந்த ஒயரிங் வரைபடத்தை எடுத்தார். “ஸ்டாப் பட்டன்லருந்து கிளம்புற ஒயர், எட்டு. எங்கம்மா எட்டு?”

வசந்தி குனிந்து பார்த்தாள். ஏழு இருந்தது. பக்கத்தில் ஒன்பது இருந்தது.

“எட்டு இல்லீங்க சார்” என்றான் அஜய், கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற தோரணையில்.

“இல்லன்னா?”

“வடிவேலண்ணன் வாங்கலீங்க. அதான் ஏழுக்கு அடுத்து ஒம்பது போட்டுட்டோம். பதினெட்டும் இல்லீங்க.”

எல்லோரும் வடிவேலுவைப் பார்த்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “எனக்கு அஷ்டமச் சனி நடக்குது சார். ஸ்டோருக்குள்ள எட்டை எப்டி ஏத்துறது? கடைக்காரன் அத சும்மாவே குடுத்தான். வேணான்ட்டேன்!”

சும்மா கொடுத்ததை வடிவேலு வேண்டாம் என்று சொன்னது அவர் வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான். அதுவும் வசந்தியின் தலையில் வந்து விடிந்திருந்தது.

“அப்ப ஒம்பதுல இருந்து எல்லாம் ஒண்ணு தள்ளி. பதினேழுக்கு மேல ரெண்டு தள்ளி” என்றார் ஜீவானந்தம். “நாளைக்கு ஒருத்தன் இந்தப் படத்த நம்பி, செத்த ஒயருன்னு பன்னெண்டுல கைய வப்பான். அது உயிரோட இருக்கும். அவன் இருப்பானா?”

அஜய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். இரண்டாவது, மூன்றாவது பேனல்களிலும் அதே கதை. ஜீவானந்தம் பேனாவை மூடினார். “அடுத்த ரவுண்டு ஆறு மாசம் கழிச்சு. வரேம்மா.”

ஆறு மாசத்தில் இந்த அறையில் பழைய நாற்காலிகள் அடுக்கியிருக்கும். வடிவேலு வசந்தியின் காதருகே வந்தார். “மேடம், அது பழைய படம்னு சொல்லிடுங்க. எட்டு இல்லாம புதுசா ஒண்ணு வரைஞ்சு காட்டலாம். அஞ்சு நிமிஷ வேலை.”

அந்த யோசனையை வசந்தி உடனே உதறிவிட்டாள் என்று சொன்னால் பொய். மனசுக்குள் படத்தை முக்கால்வாசி வரைந்தே விட்டாள். ஆனால் நாளைக்கு அந்தப் பன்னிரண்டாம் ஒயரில் கை வைக்கப்போவது யார் என்று பார்த்தாள். பல்லால் ஒயர் கடிக்கிற அஜய்தான்.

“சார், நாலாவது பேனல் சரியா கீது. அத நம்பர் நம்பரா படத்தோட வச்சுப் பார்த்தேன். மத்த மூணையும் இழுத்துப் பார்த்ததோட விட்டுட்டேன். தப்பு என்னோடது.”

நாலாவது பேனல் சகிலா குழுவுடையது. அவள் வாணியம்பாடித் தோல் வியாபாரி மகள். ஆசிரியைக்கே பதில் சொல்லித் தருகிற வாய் என்பதால்தான் அவள் பேனலை மட்டும் வசந்தி அப்படித் துருவியிருந்தாள். ஜீவானந்தம் அரை மணி நேரம் பார்த்தார். எட்டு இருந்தது. பதினெட்டும் இருந்தது.

“உனக்கு மட்டும் எப்டிம்மா கிடைச்சுது?”

“லீவுல வூட்டுக்குப் போனப்ப எங்க ஊர்க் கடைல கேட்டேன் சார். எட்டு விக்காம கொட்டிக் கெடக்குதாம். அள்ளிகினு போம்மான்னான். இவுங்களுக்கும் தரேன்னேன், வேணான்ட்டாங்க. கழட்டி மாட்ட சோம்பேறித்தனம்.”

வசந்தி அதற்குள் பூட்டுகளை எடுத்துவிட்டாள். “இந்த ஒண்ணுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்க சார். மத்த மூணையும் மெயின்லருந்து கழட்டி, அந்த சுவிட்சுங்கள பூட்டி, சாவிய உங்க கிட்டயே தந்துடறேன். நம்பரெல்லாம் சரி பண்ணி வைக்கிறோம், ஒரு மாசத்துல வந்து திறங்க.”

“நாலு மாசம்.”

“ஒண்ணரை.”

“இன்னாம்மா, போளூர் சந்தைன்னு நினைச்சியா? மூணு.”

“ரெண்டு சார். பன்னெண்டு பேரு ஒரே பேனல்ல மாத்தி மாத்திச் செய்வாங்க. மூணு மாசம்னா அடிச்சிக்குவாங்க.”

வடிவேலு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இந்தப் பெண்ணைப் போளூருக்கு அனுப்பாமல் விட்டோமே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

ஜீவானந்தம் பேனாவைத் திறந்தார், ஆனால் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். “ரெண்டு மாசம். ஆனா மூணு பேனல சரி பாக்காம விட்டேன்னு உன் கையால எழுதிக் குடு. உன் ஃபைல்ல போவும். நாளைக்கு வேற எங்க வேலை கேட்டுப் போனாலும் அது உனக்கு முன்னாடி போய் உக்காந்திருக்கும்.”

விலை அதிகம்தான். வசந்தி ஒருமுறை அறையைப் பார்த்தாள். பிறகு எழுதினாள், அடித்தல் திருத்தல் இல்லாமல், தேதி போட்டு. அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “ஒரு பேனல் மட்டும்” என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்.

மதியம் இரண்டு மணிக்குக் கரண்டு லேபுக்குள் வந்தது. சகிலா பச்சைப் பட்டனை அழுத்தினாள். கான்டாக்டர் கட்டென்று பிடித்தது, மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றியது, பிள்ளைகள் போட்ட விசிலில் ஜவ்வாது மலைக் குரங்குகள் இடம் மாறின. அஜய் உற்சாகத்தில் கதவைத் திறக்கப் போனான்.

“கைய எடுடா!”

வசந்தி மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். மெயினை அணைத்துப் பூட்டினாள். மீட்டர் முனைகளை வைத்து மூன்று பேஸிலும் ஒன்றும் இல்லை என்று பார்த்தாள். அதன் பிறகுதான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இப்பத் தொறடா” என்றாள் அஜயிடம்.