பழ ஈ, புழு, பதுர்தீன் கொண்டுவந்த போத்தல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மூன்று தொடக்கங்கள் எழுதிவிட்டேன்.

'அன்றைக்குப் பல்லேபொலயில் மழை...' (வேண்டாம். மழை பெய்ததா என்று நினைவில்லை.)

2

பல்கலைக்கழகத்தில் நானும் றமீஸாவும் ஒரே அறை. படிப்பு விடுமுறைக்குப் பல்லேபொலயில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பழ ஈ, வட்டப்புழு, ஆய்வுகூட மதுவம் என்கிற ஈஸ்ட் ஆகிய மூன்றின் மரபணுத்தொகுதிகளிலிருந்தும் ஒரு மரபணுவை அச்செடுத்து, தரையில் விரித்து, ஒத்துப்போகும் எழுத்துகளுக்குப் பச்சை பூசுவோம். கணினி நொடியில் செய்கிற வேலைதான். ஆனாலும் அத்தனை சந்தோஷமாக நான் பிறகு இருந்ததில்லை.

"கோடிக்கணக்கான வருஷமா மாத்தாம வச்சிருக்குதுங்கடி," என்பாள். "நம்ம காட்டு மதுவத்திலயும் இது இருக்கான்னு பாத்திட்டா ஆய்வு முடிஞ்சுது."

காட்டு மதுவம் புளித்த கித்துள் மரத்துக் கள்ளில் கிடைக்கும்.

3

ஃப்ரிட்ஜில் கீரைக்குப் பின்னால் கள்ளுப் போத்தலைக் கண்டு பதறிப்போனேன். அவள் வாப்பா பதுர்தீன் ஐந்து வேளையும் தொழுபவர். இவள் ஒளித்துவைத்தது அவர் கண்ணில் பட்டால் படிப்பே நின்றுவிடும். முஸ்லிம் வீட்டு நியாயம் அவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்ற நினைப்பு. (இரண்டாம் வரைவில் பூனை தட்டிவிட்டது. ஃப்ரிட்ஜைத் திறக்கும் பூனையை யார் நம்புவது?) குசினி சிங்கில் ஊற்றிவிட்டேன்.

இரத்தோட்டைக்கு பஸ்ஸில் போய், தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மகளுக்காக அதைக் கேட்டு வாங்கிவந்தவரே பதுர்தீன்தான். எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

4

"பள்ளிவாசல்ல யாரும் ஏதாச்சும் சொன்னாங்களா வாப்பா? அதான் ஊத்திட்டீங்களா?"

அவர் என் கைகளைப் பார்த்தார். வாடை போயிருக்கவில்லை.

"போனது போகட்டும் மகள். சாம்பவிக்குத் தேத்தண்ணி குடுங்க."

தேநீரை மட்டும் குடித்தேன்.

(இன்னொரு போத்தல் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். அவள் அவரிடம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எதையுமே கேட்கவில்லை. ஆய்வுத் தலைப்பை மாற்றினாள், பட்டம் வாங்கினாள், வெளிநாடு போனாள். அங்கேயும் மதுவத்தையும் ஈயையும்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பெருநாளைக்கு உம்மாவோடு மட்டும் பேசுவாள்.)

5

முடிவு ஒன்று: பதுர்தீன் உண்மையைச் சொல்லிவிடுகிறார். (சொல்லமாட்டார். போன மாதம் பார்க்கப் போனபோது என்னிடம்கூட அதைப் பேசவில்லை.)

முடிவு இரண்டு: றமீஸா தானாகவே ஊகித்து

இல்லை, அவளிடம் அந்த வேலையையும் தள்ளிவிட முடியாது. மற்ற வாசகர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். மீதி ஒருத்திக்கு மட்டும்.

றமீஸா, ஊற்றியது நான். வாப்பாவுக்கு அன்றைக்கே தெரியும். வீட்டுக்கு வந்த பிள்ளையைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவரிடம் இன்னமும் அதே நம்பர்தான். இனி நீ பேசு.