மஞ்சள் பையில் போனது

காய்ச்சல் என்றதும் சிவசங்கர் நேரே எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதுதான் அவர் செய்த தப்பு என்று இன்றைக்கும் சில நேரம் நினைத்துவிடுகிறேன், ஒரு நர்ஸ் நினைக்கக் கூடாததை. காங்கோவில் சுரங்க மெக்கானிக். இந்த ஊர் நிலக்கரி மைன்ஸுக்கு நிலம் கொடுத்த குடும்பம்தான். இங்கே கான்ட்ராக்டிலேயே பத்து வருஷம் ஓட்டிவிட்டு, பெர்மனென்ட் ஆகாது என்று தெரிந்தபின் அங்கே போனவர். அம்மா காந்திமதி சாகக் கிடக்கிறார் என்று கேட்டு ஓடி வந்திருக்கிறார். பண்ருட்டி தாண்டும்போது காரிலேயே உடம்பு கொதித்திருக்கிறது. கம்மாபுரத்து வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஏர்போர்ட்டில் கொடுத்த சீட்டை எடுத்துப் படித்துவிட்டு, வண்டியை இங்கே திருப்பச் சொல்லிவிட்டார்.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: இருபத்தோரு நாளுக்குள் இறந்த உடலைத் தொட்டீர்களா?

"தொட்டேங்க. கூட வேல செஞ்சவன் காய்ச்சல்ல பூட்டான். நாந்தான் தூக்கினேன்."

இல்லை என்றிருந்தால் யாருக்குத் தெரியும்? அந்த ஒரு பதிலுக்குத் தனி அறை. அந்த நாட்டில் ஆளைக் கொல்லும் தொற்றுக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் புனே ஆய்வுக்கூடத்துக்குப் போனது. ரிசல்ட் வரும்வரை யாரும் பார்க்கக் கூடாது. முழு உடுப்பு மாட்டிக்கொண்டு நான் மட்டும் உள்ளே போவேன். அவர் போனில் அந்த நாட்டு சிம், இங்கே எடுக்கவில்லை. அதனால் தங்கை பவித்ரா வார்டு போனுக்குத்தான் கூப்பிடுவாள். சேதியை நான் கொண்டுபோவேன்.

மறுநாள் காலை அம்மா போய்விட்டார், நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்ற சேதியையும் நான்தான் கொண்டுபோனேன். அவர் அழவில்லை.

"சிஸ்டர், ஒரு பிடி அரிசி கெடைக்குங்களா? நான் ஒரே ஆம்பளப் புள்ள. வாய்க்கரிசியாவது என் கையால போவட்டும்."

உள்ளே போன எதுவும் வெளியே வரக் கூடாது. தெரிந்தும் கேன்டீனில் அரிசி வாங்கிக் கொண்டுபோனேன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலது கையில் அள்ளி நெஞ்சோடு வைத்தார். அப்போதுதான் உடைந்தார். காய்ச்சல் வியர்வையில் அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாக எடுத்துக் காகித டம்ளரில் போட்டு நீட்டினார்.

"எதுலங்க எடுத்துக்கினு போவீங்க?"

"மஞ்சப் பையிலங்க."

"நல்லதுங்க," என்று கும்பிட்டார்.

அவர் நினைத்தது கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் நாம் தூக்கிப்போகிற துணிப்பையை. நான் சொன்னது அறை வாசலில் தொங்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பையை. தொற்றுக் கழிவைக் கட்டி எரிக்க அனுப்புவது. உடுப்பைக் கழற்றி அதில் போட்டேன். கையுறையைப் போட்டேன். டம்ளரையும் போட்டேன். பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாம்பும் சாகணும், கம்பும் முறியக் கூடாது என்கிற சாமர்த்தியம்தான். வீட்டுக்குப் போய் உலை வைக்க அளந்த அரிசியைத் திரும்பப் பானையிலேயே கொட்டிவிட்டேன்.

ஐந்தாம் நாள் ரிசல்ட் வந்தது. அந்தக் கிருமி இல்லை. வெறும் மலேரியா.

அழைத்துப்போக வந்த பவித்ரா அண்ணனைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவர் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"அழுவாத. நான் குடுத்த அரிசிய அம்மா வாயில போட்டியாம்மா?"

"எந்த அரிசிண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். டிஸ்சார்ஜ் சீட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பார்வை என்னைத் தாண்டி, அறை வாசலில் தொங்கிய மஞ்சள் பைக்குப் போய் அங்கேயே நின்றது.

சீட்டை வாங்கிக்கொண்டார். இழவு வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், தங்கையின் தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.