அண்ணி கொடுத்த அட்மின்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தாழ்ப்பாள். அவளுக்கும் அது தெரியும், உள்ளுக்குள் பெருமைதான். வருகிறவர்களின் பெயர், வயது, ரிப்போர்ட் எல்லாம் இருக்கிற டேட்டாபேஸுக்கு அவள்தான் அட்மின். யார் எதைப் பார்க்கலாம், யார் எதில் கை வைக்கலாம் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். ரிசப்ஷனில் இருப்பவர் புதிதாகப் பதியலாம், பதிந்ததைத் திருத்த முடியாது. லேப்காரர்கள் முடிவை ஏற்றலாம், டாக்டர் பார்த்த பிறகு அதைத் தொட முடியாது. அழுது புரண்டாலும் இதில் மாற்றம் கிடையாது.

ரிசப்ஷன் பெண் கெஞ்சிப் பார்த்தாள். போன் நம்பரில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டால்கூட, வரிசையில் நிற்கிறவர்களை அப்படியே விட்டுவிட்டு மாடியேறி வந்து நிற்க வேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகாதவள், பாவம்.

"திருத்துற பர்மிஷன் மட்டுமாவது குடுங்க மேடம். கீழே திட்டு வாங்கி மாளல."

"இன்னிக்கு உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா. ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

எல்லாருக்கும் ஒன்றுதான், கொழுந்தனைத் தவிர. கணவனின் தம்பி அங்கேயே பில்லிங்கில் இருந்தான். ஆபீஸில் மேடம் என்பான், வீட்டில் அண்ணி என்பான், இரண்டு இடத்திலும் நச்சரிப்பான். "டபுள் டபுளா பேர் கிடக்கு அண்ணி, நானே சுத்தம் பண்ணிடறேன்." மாமியார் வேறு, "வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பட்டனைக் குடுக்க மனசு வரல பாரு" என்று அவள் காதுபடவே முணுமுணுத்தாள். நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்றாகிவிட்டது தாழ்ப்பாளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்து அவனை அட்மின் ஆக்கினாள். இரண்டொரு நாளில் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி அந்தப் பாட்டைக் கேட்க வேண்டுமே!

அட்மினுக்கு மட்டும் 'ஒன்றாக்கு' என்று ஒரு பட்டன் உண்டு. ஒரே ஆளை இரண்டு தடவை பதிந்திருந்தால், அது இரண்டையும் சேர்த்துவிடும். கொழுந்தன் ஒரே பெயர், ஒரே வயது, ஒரே தெரு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துத் தள்ளினான். ஒரு தெருவில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருக்கக்கூடும் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை.

ஒரு நாள் காலையில் ஒருவர் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ரிசப்ஷனில் கத்தினார்.

"போன தடவை என் வீட்டுக்காரிக்கு ஓ பாசிட்டிவ். இப்ப பி பாசிட்டிவ்னு போட்டிருக்கீங்க. ரத்தம் என்ன சட்டையா, மாத்தி மாத்திப் போட? நாளன்னிக்கு அவளுக்கு ஆபரேஷன்!"

விஷயம் மாடிக்கு வந்ததும் தாழ்ப்பாள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். யார் எந்தப் பட்டனை அழுத்தியது என்று பார்க்கிற உரிமையும் அட்மினுக்குத்தான். பார்த்தாள். கொழுந்தன். உடனே அவள் அந்த இரண்டு பெண்களின் ரிப்போர்ட்டையும் பிரித்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்க வேண்டும். இரண்டையும் செய்தாள்தான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் கொழுந்தனின் அட்மின் உரிமையைப் பறித்தாள். நோயாளி அப்புறம், மானம் முன்னால்!

மேனேஜர் தன் அறைக்கு அவளையும் ரிசப்ஷன் பெண்ணையும் கூப்பிட்டார்.

"இவதான் ரொம்ப நாளா அந்தப் பர்மிஷனுக்கு அலைஞ்சுக்கிட்டிருந்தா. உங்க பாஸ்வேர்டை எப்படியோ பாத்திருக்கா. வேற யாரு பண்ணியிருக்க முடியும்?" என்றார் தாழ்ப்பாளிடம்.

"அந்தப் பட்டன் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது சார்" என்று ரிசப்ஷன் பெண் தேம்பினாள்.

தாழ்ப்பாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் தன் வேலை போகும், கொழுந்தன் வேலை போகும், மாமியார் முகத்தில் விழிக்க முடியாது. சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள்.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்மா" என்றார் மேனேஜர். பிறகு தாழ்ப்பாளிடம், "இவ அக்சஸை இப்பவே எடுத்துடுங்க" என்றார். அவள் தலையாட்டினாள். மாடிக்குப் போய், அந்தப் பெண்ணின் பெயரைத் தேடி, 'நீக்கு' என்பதை அழுத்தினாள். தன் கையைத் தானே பார்க்கக் கூசியது. இத்தனை நாள் கறார், கறார் என்று மார்தட்டியதெல்லாம் யாரிடம்? கேட்க நாதியில்லாதவளிடம்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே கைப்பையோடு மேலே வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று தாழ்ப்பாள் எழுந்துவிட்டாள். திட்டட்டும், அறையட்டும், அதுவாவது ஆறுதல்.

"மேடம், நான் எந்த இடத்துல தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க. அடுத்து எங்க வேலைக்குப் போனாலும் அதைப் பண்ணாம பாத்துப்பேன்."

தாழ்ப்பாள் அப்படியே கூனிக் குறுகிப்போனாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கீழே அழைத்துக்கொண்டு போனாள். வழியில் பில்லிங்கில் நின்று, "நீயும் வாடா" என்றாள். மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஆரம்பித்து, கொழுந்தன் அழுத்திய பட்டன் வரைக்கும் சொன்னாள். கொழுந்தன், "அண்ணி!" என்றான், ஆபீஸ் என்பதையே மறந்து. அந்தப் பெண்ணுக்கு அக்சஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணியும் கொழுந்தனும் வீட்டுக்குப் போகலாம், மற்றதைப் பிறகு சொல்கிறேன் என்றார் மேனேஜர்.

வெளியே வந்ததும் ரிசப்ஷன் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளின் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் நன்றி இருந்தது. தாழ்ப்பாளால் தாங்க முடியாதது அதுதான்.

"நல்லவேளை மேடம், நீங்க கண்டுபிடிச்சீங்க. நான் மேல வந்தப்புறம்தான் பாத்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே எடுத்துக் கொடுக்கிறாள்.

"இல்லம்மா" என்றாள் தாழ்ப்பாள். "நீ அங்க நின்னு அழுதப்பவே எனக்குத் தெரியும்."

அந்தப் பெண் பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்து, காத்திருந்தவர்களில் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.