கோடு மிதித்த யானை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கார்ட்டூன் கம்பெனியில் படம் வரையும் மாப்பிள்ளை வாசல் கதவை ஒட்டி இடம் பிடித்துக்கொண்டார். குடும்பம் மொத்தமும் ஹாலில் டி.வி. முன்னால் கூடியிருந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அவர் வரைந்த எபிசோட். விலங்குக் குடும்பம் ஒன்று பிக்னிக் போய் விளையாட்டுப் போட்டி நடத்துகிறது. கழுத்தில் விசிலும் கையில் அளவு நாடாவுமாக எல்லோரையும் ஆட்டிப்படைக்கும் யானை ஒன்று அதில் வரும். அசல் யானை நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

மாமனார் ஓய்வுபெற்ற சர்வேயர். போன வருஷம் குடும்ப பிக்னிக்கில் சாக்கு ஓட்டத்துக்குப் பாதை அளந்தவர் அவர், சுண்ணாம்புக் கோடு கிழித்தவர் அவர், நடுவர் அவர், போட்டியில் ஓடியவரும் அவரே. முதலில் வந்த மாமியார் கட்டைவிரலால் பக்கத்துக் கோட்டை மிதித்துவிட்டதாக, பின்னால் குதித்து வந்தபடியே மாமனார் விசில் ஊதினார். சாக்குக்குள் இருந்த கட்டைவிரல் அவர் கண்ணில் எப்படிப் பட்டது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கோப்பை இரண்டாவதாக வந்தவருக்குப் போனது. அது யார் என்று சொல்லவும் வேண்டுமா? தனக்குத்தானே கைகுலுக்க முடியாத குறை ஒன்றுதான் பாக்கி. அந்தக் கோப்பை இப்போதும் டி.வி.க்குப் பக்கத்தில் பளபளத்தது.

கம்பெனியில் பிக்னிக் கதை கேட்டார்கள். கெடு நெருங்கியது, மூளை வறண்டது, மாப்பிள்ளை கண்ணால் கண்டதை வரைந்து கொடுத்துவிட்டார்.

"அப்பா முகம் வாடுச்சுன்னா, மாடிய காலி பண்ண வேண்டியதுதான்" என்று மனைவி காலையிலேயே எச்சரித்திருந்தாள். அவர்கள் குடியிருந்த மாடி மாமனாருடையது.

படம் ஓடியது. யானை விசிலை எடுத்ததுமே மாமனாரின் தம்பி இருமுவதுபோலச் சிரித்தார். யானை தன் பெண்டாட்டியைப் போட்டியிலிருந்து வெளியேற்றியபோது கொழுந்தியாள் தலையணைக்குள் முகம் புதைத்தாள். மாமனார் மட்டும் அசையவில்லை. புருவம் நெரிந்திருந்தது, விரல்கள் எதையோ எண்ணின. கடைசியில் பெண் யானை தும்பிக்கையால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக நடந்தது. முடிந்தது.

"மாப்ள, ஒரு விஷயம் கேக்கணும்" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை மனசுக்குள் மாடியில் இருந்த பீரோவை இறக்கத் தொடங்கினார்.

"பாதை முப்பது மீட்டர்னு அந்த யானை சொல்லுது. முயல் பதினோரு குதியில முடிச்சிருச்சு. இருபதுகூடத் தேறாது. அளக்காம வரைஞ்சா பாக்கிறவன் சிரிக்க மாட்டானா?"

தப்புதான் என்று மாப்பிள்ளை உடனே ஒப்புக்கொண்டார். வாழ்க்கையில் எந்தத் தப்பையும் இவ்வளவு சந்தோஷமாக அவர் ஒப்புக்கொண்டதில்லை.

"மத்தபடி அந்த யானை நல்ல அதிகாரி. அதப் பாத்து எதுக்கு எல்லாரும் சிரிக்கிறீங்கன்னுதான் தெரியல."

"எனக்குத் தெரியுது" என்றபடி மாமியார் எழுந்தார். கோப்பையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பெண் யானையின் அதே நடையில் சமையலறைக்குள் போனார்.

மாமனாரின் கை சட்டைப் பையில் விசிலைத் தேடியது. அதை மாப்பிள்ளையின் மனைவி காலையிலேயே எடுத்து ஒளித்து வைத்திருந்தாள்.