கைப்பிடி தைத்த கால்சட்டை

1892 இலையுதிர் காலத்தின் முதல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், மேலே எறியப்பட்ட ஆரின் டட்டில் உடனே கீழே வரவில்லை. அன்று லேசான தூறல் இருந்தது; சந்தையில் உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்தது. வெல்டன் கல்லூரி அணியிலேயே மெலிந்தவன் ஆரின். எதிரணி சுவர்போல் நெருக்கி நின்றால், பந்தை அணைத்திருப்பவனைத் தூக்கி அந்தச் சுவருக்கு மேலாக எறிவது அப்போதைய வழக்கம். பிடித்துத் தூக்க வசதியாக, பழைய பயணப்பெட்டியின் தோல் கைப்பிடிகளை அவன் கால்சட்டை இடுப்பில் மெழுகுநூலால் தைத்துக் கொடுத்தவள் அக்கா லவீனியா. அணியின் துணிகளைத் துவைத்துத் தைப்பதுதான் அவள் பிழைப்பு. பந்து வைத்திருப்பவன் தன் வாயால் "விழுந்தேன்" என்று கத்தும்வரை ஆட்டம் நிற்காது என்பது விதி. ஆரின் கத்தினான், இறங்கினான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆட்டத்தில், நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டும்வரை ஆரின் அந்தரத்தில் நின்றான். அதற்கடுத்த ஆட்டத்தில், வண்டிகளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வறுகடலை வாங்கித் திரும்பும்வரை. அந்த ஒரு சொல்தான் அவனை இறக்குகிறது என்பதை லவீனியா கவனித்தாள். கால்சட்டை மடிப்பில் ஈயக்குண்டு வைத்துத் தைத்தாள். கேப்டன் கெஸ்லர் அதைக் கண்டுபிடித்துப் பிரித்துக் கொட்டினான்.

"என்ன லவீனியா, தூண்டில்ல கட்டுற ஈயத்த என் ஆட்டக்காரன் கால்லயா கட்டுவ?"

"உனக்கு ஆட்டக்காரங்க நெறைய பேரு. எனக்கு ஒரே தம்பி."

பிறகு மழையில் நடந்த ஆட்டத்தில், பந்தோடு கடக்க வேண்டிய எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் பயந்துபோய் ஆரின் "விழுந்தேன்" என்று கத்தினான். வெல்டன் தோற்றது. முடிதிருத்தும் கடையில் அவனைக் கண்டதும், "விழுந்தேன் வர்றான், நாற்காலி போடுங்கடா, மறுபடி விழப்போறான்" என்றார்கள். தலைக்கு அடிபடாமலிருக்கக் கோடையிலிருந்து வளர்த்த முடியை வெட்டிக்கொள்ளாமலே திரும்பினான். ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் ஆஷ்பி கல்லூரியோடு வீடுதோறும் வான்கோழி சமைக்கும் நன்றித் திருநாளன்று ஆடும்போது அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று கெஸ்லருக்கு வாக்குக் கொடுத்தான். லவீனியா கைப்பிடிகளுக்கு இன்னொரு வரிசைத் தையல் போட்டாள்.

திருநாளன்று கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் எறியப்பட்ட ஆரின் அங்கேயே நின்றுவிட்டான். கீழே ஆஷ்பிக்காரர்கள் கைகளை விரித்துக் காத்திருந்தார்கள். "உங்க ஊரு வான்கோழி நெஜமாவே பறக்குதுடோய்!" என்றான் ஒருவன். ஆட்ட நேரம் முடிந்தது. அவன் அந்தச் சொல்லைச் சொல்லாதவரை பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது, முடிக்க விதியில்லை என்றார் நடுவர். இருட்டத் தொடங்கியது. காற்று எழும்பி அவனை ஆற்றுப் பக்கம் தள்ளியது. யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லித் தொலைடா! தோத்தா தோத்துட்டுப் போறோம்!" என்று கெஸ்லர் தொண்டை கிழியக் கத்தினான். ஆரின் தலையை மட்டும் ஆட்டினான். லவீனியா துணி உலர்த்தும் கயிற்றோடு ஓடிவந்து ஒரு வண்டியின் கூரைமேல் ஏறினாள்.

"நீ சொல்ல வேணாம்டா. இடுப்ப இந்தப் பக்கம் திருப்பு."

"கோவமாக்கா?"

"திருப்புடா மொதல்ல!"

கைப்பிடியில் கோத்துக் கட்டிய கயிறு காற்று இழுத்த இழுப்பில் விறைத்தது. தையல் விடவில்லை. கயிற்றைப் பற்றி அவனை அவள் வீட்டுக்கு நடத்திப்போனாள். ஆட்டம் முடியாததால் இரண்டு அணிகளும் பின்னால் நடந்தன. நடுவரும் நடந்தார்.

ஆரினைக் கொல்லையிலிருந்த ஆப்பிள் மரத்தில் கட்டினாள். கழியில் ரொட்டி கட்டிக் கொடுப்பாள். வசந்தம் வந்ததும் ஏணி போட்டு முடி வெட்டிவிட்டாள். அவன் சொல்லிவிட்டால் கேட்க ஆள் வேண்டுமென்று ஆஷ்பிக்காரர்கள் முறைவைத்து வேலியோரம் ஒருவனை நிறுத்தினார்கள். அவனுக்கும் அவளே காப்பி கொடுத்தாள். நடுவர் இறந்தார், கெஸ்லருக்கு வழுக்கை விழுந்தது, விதிகள் மாறின, ஆட்களை எறிவது தடைசெய்யப்பட்டது. காற்றடிக்கும் நாட்களில் லவீனியா முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவாள். திங்கட்கிழமைகளில் அதே கயிற்றில் துணி உலர்த்துவாள். மழை வருவதை ஆரின் மேலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவதால், அவள் துவைத்த துணி ஒருநாளும் நனைந்ததில்லை.